கெமிஸ்ட்ரி படிச்சா சிப் டிசைன் பண்ண முடியாதா?

கேள்வி: ப்ரோசஸர் டிசைன் பண்றவங்க எல்லாரும் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்கதானா? நான் கெமிஸ்ட்ரி, அந்தப் பக்கம் போகவே முடியாதுன்னு வீட்ல சொல்றாங்க.
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: வீட்ல மசதோஷி ஷிமா கதையைச் சொல்லும்மா. ஜப்பான்ல தோஹோகு யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி படிச்சவர், அந்தத் துறைல வேலை கிடைக்கல, பிசிகாம்னு ஒரு கால்குலேட்டர் கம்பெனில சேர்ந்து, அங்கேருந்து இன்டெல்லுக்குப் போய் 1971ல வந்த 4004ங்கற ஆரம்பகால ப்ரோசஸர் சிப்போட லாஜிக் டிசைன்ல உட்கார்ந்து வேலை பார்த்தவர். கூட இருந்த ஃபெடரிகோ ஃபாஜின் படிச்சது பிசிக்ஸ், அந்த சிப் ஓரத்துல எஃப்.எஃப்.னு அவர் இனிஷியல் இன்னும் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஏஆர்எம் கதைதான், இன்னைக்கு மொபைல் ஃபோன்கள்ல இருக்கற ப்ரோசஸர் வகை அது. அதை டிசைன் பண்ண ஸ்டீவ் ஃபர்பர் கேம்பிரிட்ஜ்ல மேத்ஸ் படிச்சுட்டு ஏரோடைனமிக்ஸ்ல பிஎச்டி பண்ணவர். அதோட இன்ஸ்ட்ரக்ஷன் செட், அதாவது ப்ரோசஸருக்குப் புரியற கட்டளைகளோட பட்டியல், போட்டது சோஃபி வில்சன், பிபிசி பேசிக்ங்கற ப்ரோக்ராமிங் லாங்குவேஜை எழுதினவங்க. 1985 ஏப்ரல்ல முதல் சிப் வந்ததும் வேலை செஞ்சுது, ஆனா எவ்ளோ கரன்ட் எடுக்குதுன்னு ஃபர்பர் மீட்டர் வச்சுப் பார்த்தா ஜீரோ காட்டுது! போர்டுல சிப்புக்கு பவர் சப்ளையே போகல, சிக்னல் பின்கள் வழியா கசியற கரன்ட்லயே அது ஓடிட்டு இருந்திருக்கு.

இப்போ கம்பெனிகள் பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரிதான் கேக்கறாங்க, அது உண்மை. ஆனா சிப் தயாரிக்கிற ஃபேப் உள்ளே எச்சிங் (தேவையில்லாத படலத்தை அரிச்சு எடுக்கறது), டெபாசிஷன் (மெல்லிய படலம் படிய வைக்கறது) எல்லாம் கெமிஸ்ட்ரிதான். டிசைன்தான் வேணும்னா டிஜிட்டல் லாஜிக், சர்க்யூட்டை கோடா எழுதற வெரிலாக் லாங்குவேஜ் ரெண்டையும் இப்பவே ஆரம்பிச்சிடும்மா.