கிணற்றுத் திட்டில் கிடக்கும் ஆயில் இன்ஜினை மேலே ஏற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் கிணறு 45 அடி. 20 அடியில் உள்ள திட்டில் அப்பா காலத்து இரட்டை வீல் ஆயில் இன்ஜின் துருப்பிடித்து நிற்கிறது. இப்போது கரண்ட் மோட்டார் போட்டுவிட்டோம். பழைய இரும்பு வியாபாரி ஒருவர், “கூலி வேண்டாம், நாங்களே கழற்றி எடுத்துக்கொள்கிறோம்” என்கிறார். விட்டுவிடலாமா? – வாசகர், பென்னாகரம்

பதில்: விடாதீர்கள். அந்த மாதிரி இன்ஜின் 300 கிலோவுக்குக் குறையாது, பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கூலி வாங்காதவர் சம்மட்டியால் உடைத்துத்தான் எடுப்பார். உடைசலில் பாதி தண்ணீருக்குள் போகும். மிச்சமிருக்கும் டீசலும் ஆயிலும் கிணற்றில் கலக்கும். தூர்வாரும் செலவு உங்கள் தலையில். மேலே ஏற்றிய பிறகு, நீங்கள் சொல்லும் எடைமேடையில் நிறுத்து, காசை வாங்கிக்கொண்டு கொடுங்கள். அவர் கொண்டுவரும் தராசில் நிறுக்கவே வேண்டாம்.

வேலை இதுதான். முதலில் டீசலையும் ஆயிலையும் கேனில் வடித்துவிடுங்கள். போல்ட்டுகளுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். வீல்கள், ஹெட், சிலிண்டர் என்று தனித்தனியாகக் கழற்றி, ஒரு டன் செயின் பிளாக்கில் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) ஏற்றுங்கள். கனமான பாகம் மேலே போகும்போது கீழே ஆள் நிற்கக்கூடாது.

செயின் பிளாக்கை, மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்துக் கல்தூணில் மாட்டாதீர்கள். எத்தனை காலம் நின்றிருந்தாலும் அடியில் பிடிப்பு இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. கிணற்றுவாய்க்குக் குறுக்கே இரும்பு கர்டர் போடுங்கள். விளிம்பு கல்கட்டாக இருந்தால் அதன்மேல் வைக்கலாம். வெறும் மண்ணாக இருந்தால் கர்டர் இருபுறமும் நன்றாக உள்ளே தள்ளி, பலகை மேல் உட்கார வேண்டும். வண்டியையும் அந்த விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். நம் பக்கம் மேல்மண் சரிந்தால் கர்டரும் ஆளும் சேர்ந்தே உள்ளே போவார்கள்.

தண்ணீர் இறைக்க டீசல், பெட்ரோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. விளக்கை இறக்கிப் பார்ப்பதும் இதற்கு உதவாது, ஆள் மயங்கும் அளவுக்கு வாயு இருந்தாலும் விளக்கு எரியும். விவசாயக் கரண்ட் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தவரை அரசு ஆண்டுக்கணக்கில் காக்கவைத்ததால்தான் இந்த இன்ஜின்கள் இத்தனை காலம் கிணற்றில் கிடந்தன. அதே அரசு, கிணற்றில் இறங்குகிறவருக்குக் காற்றைச் சோதிக்கும் கருவியை வட்டத்துக்கு ஒன்றாவது வாடகைக்கு வைக்கக்கூடாதா?

இறங்குகிறவர் உடம்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே இரண்டு பேர் பிடித்திருக்கட்டும். அவர் மயங்கினால் கயிற்றால் இழுங்கள், 101-க்குப் போன் போடுங்கள். காப்பாற்றப் போகிறேன் என்று இன்னொருவர் பின்னால் இறங்கக்கூடாது.