பனியில் போட் எஞ்சின்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மச்சான் குளிர்காலத்திலும் சின்ன போட்டில் ஏரிக்கு மீன்பிடிக்கப் போகிறார். போட்டின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்குள் தண்ணீர் உறையாமல் இருக்க என்ன செய்யலாம்?
- வாசகர், நீரோடி

பதில்: பனி விழாத நம் கடற்கரை ஊர்களான நீரோடியிலோ பக்கத்துப் பொழியூரிலோ யாருக்கும் வராத தலைவலி! தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், அந்த அழுத்தத்தில் எஞ்சினின் உலோக உடலான பிளாக்கே விரிசல் விட்டுவிடும். ஏரி உறையாதவரை, நடுவில் நிறுத்தும்போது எஞ்சினைத் தூக்கிவிடாமல் அடிப்பகுதியைத் தண்ணீருக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள்; உறைய வைக்கும் காற்றைவிட அந்தத் தண்ணீர் பரவாயில்லை. கரையேற்றியதும் நேராக நிமிர்த்தி வைத்தால் உள்ளே இருப்பது தானாக வடிந்துவிடும், சாய்த்துப் போட்டால் தேங்கும். அப்புறம் கியர் ஆயில்: பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆயிலை மாற்ற வேண்டும்.