கேள்வி-பதில்: வேட்டை ரிவால்வரும் அதன் கைப்பிடியும்

அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் சிலர், மான் சீசன் நெருங்கும் நேரத்தில் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்துவிட்டுச் சுடும் வகை இது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: காட்டுப்பன்றிக்கும் வெள்ளைவால் மானுக்கும் முதல் ரிவால்வர் வாங்கப் போகிறேன். ஐம்பது கஜத்தைத் தாண்டிச் சுட மாட்டேன். நண்பர்கள் .454 கசூல் என்ற வலுவான தோட்டா சுடும் ரிவால்வரை வாங்கச் சொல்கிறார்கள். சரியா? (டெக்ஸாஸ்)

.44 மேக்னம் போதும். ஐம்பது கஜத்துக்குள், சரியான இடத்தில் பட்டால், 240 கிரெய்ன் எடையுள்ள குண்டு இரண்டு விலங்கையும் வீழ்த்தும். .44 மேக்னம் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு; .454 கசூலுக்கு 65,000. அந்த வித்தியாசம் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் வந்து சேரும். உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. .44 மேக்னத்தில் அதைவிட மென்மையான .44 ஸ்பெஷல் தோட்டா போட்டு மெதுவாகப் பழகலாம். .454-லும் .45 கோல்ட் போட்டுப் பழகலாம்தான், ஆனால் துப்பாக்கியின் விலையும் தோட்டாவின் விலையும் எகிறும். நானே .454 ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, நஷ்டத்துக்கு விற்றேன். துப்பாக்கியில் குறை இல்லை. என் கைக்கு அது அதிகம்.

கேள்வி: ரூகர் நிறுவனத்தின் சூப்பர் பிளாக்ஹாக் ரிவால்வர் வாங்கினேன். ஒவ்வொரு முறை சுடும்போதும் நடுவிரல் மூட்டில் அடி விழுகிறது, தோலே உரிந்துவிட்டது. கைப்பிடியை மாற்றினால் தீருமா? (ஓஹையோ)

பெரும்பாலும் தீரும். ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

ரூகர் 1959-ல் கொண்டுவந்த சூப்பர் பிளாக்ஹாக்கில் விசைக்காப்பின் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) பின்பக்கம் சதுரமாக இருக்கும். உங்களுடையதும் அநேகமாக அந்த வடிவமாகத்தான் இருக்கும். சுட்டதும் துப்பாக்கி மேலே எகிறிப் பின்னால் வரும்போது அந்தச் சதுர மூலை நடுவிரல் கணுவில் இடிக்கிறது. விசைக்காப்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை நிரப்பும் ரப்பர் கைப்பிடி போட்டால், விரல் சற்றுக் கீழே இறங்கி மூலையிலிருந்து விலகும். பேக்மேர், ஹோக் இரண்டு நிறுவனங்களுமே அப்படிப்பட்டவை செய்கின்றன. பார்க்க அழகாக இருக்காது, விரல் பிழைக்கும்.

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர்கள் குழல் நீளத்தை விசாரிக்கிறார்கள், மெருகைப் பார்க்கிறார்கள். கைப்பிடியின் வடிவத்தைக் கேட்பதே இல்லை. பழைய வடிவம் 1873-ம் ஆண்டு கோல்ட் ரிவால்வரிலிருந்து வருவது. கலப்பையின் மேழி மாதிரி வளைந்திருக்கும். சுட்டதும் அது உள்ளங்கைக்குள் உருண்டு மேலே போகும், உதையின் வேகம் அந்த உருளலில் குறையும். மிதமான தோட்டாவுக்கு இதைவிடச் சுகமான பிடி கிடையாது. தோட்டா கனமாக ஆக, உருளல் கட்டுக்கு மீறிப் போய்ச் சுத்தியின் கொண்டை கட்டைவிரல் கவட்டில் வந்து குத்தும். பிஸ்லி என்ற இன்னொரு கைப்பிடி வடிவம் பின்பக்கம் உயரமாக ஏறி, நிமிர்ந்து நிற்கும். உருளல் குறைவு, உதை நேராகப் பின்னால் வரும். கனமான தோட்டா சுடுகிற பலர் பிஸ்லியை விரும்புவது இதனால்தான். ஆனால் எல்லாக் கைக்கும் அது ஒத்துவராது. சிலருக்கு அதே நடுவிரலில் அடி இன்னும் மோசமாக விழும்.

கட்டம் கட்டமாகச் செதுக்கிய மரக் கைப்பிடி, படத்தில் அழகு. கனமான தோட்டாவுக்கு அது அரம். வழுவழுப்பான வால்நட் மரமோ, மைகார்ட்டா என்ற பிசின் பலகையோ போதும். ரொம்பத் தடிமனாக இருந்தால் கட்டைவிரல் சுத்திக்கு எட்டாது, பிடியைத் தளர்த்தித்தான் இழுக்க வேண்டிவரும். ஆகவே கடையில் வெறும் துப்பாக்கியைக் கையில் வாங்கி, காலி என்று நீங்களே பார்த்து உறுதி செய்துகொண்டு, கடைக்காரரின் அனுமதியோடு பிடித்துப் பாருங்கள். பிடியை மாற்றாமல் சுத்தியை இழுக்க முடிகிறதா, நடுவிரலுக்கும் விசைக்காப்புக்கும் நடுவே இடம் இருக்கிறதா, இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: ‘எல்லா ரூகர் ரிவால்வருக்கும் பொருந்தும்’ என்று போட்டு ரோஸ்வுட் கைப்பிடி விற்கிறார்கள். வாங்கலாமா? (ஜார்ஜியா)

வேண்டாம். பிளாக்ஹாக், சூப்பர் பிளாக்ஹாக், பிஸ்லி மூன்றின் சட்டமும் வேறு வேறு. ஒன்றின் கைப்பிடிப் பலகை இன்னொன்றில் உட்காராது.

கேள்வி: ‘இந்தியக் கடமான் கொம்பு’ என்று சொல்லி 240 டாலருக்கு ஒரு ஜோடி கைப்பிடி இணையத்தில் வாங்கினேன். திருகும்போதே விரிசல் விட்டது. உள்ளே வெள்ளையாக, பிளாஸ்டிக் போல் இருக்கிறது. விற்றவர் பதிலே போடவில்லை. (நியூ ஜெர்ஸி)

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் மேல் தவறு இல்லை. இந்தப் பொய் நம்பும்படியாகவே செய்யப்படுகிறது. நம் ஊரில் மிளா என்றும் சொல்கிற அந்தக் கடமானின் கொம்பை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்துப் பல வருடங்கள் ஆகின்றன. பழைய இருப்பு இன்னும் சந்தையில் உண்டு, ஆனால் விலை அதிகம்.

பின்பக்கத்தைப் பாருங்கள். நிஜக் கொம்பில் எலும்பு போல நுண்துளைகள் தெரியும். மேல்பக்க வரிகள் இரண்டு பலகையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது அச்சில் வார்த்தது. சூடான ஊசியை உள்பக்கம் ஒரு மூலையில் வைத்தால் கொம்பு முடி கருகும் வாடை அடிக்கும்; பிசினில் வார்த்தது என்றால் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். எல்லாவற்றையும் படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் அது மறைவதற்குள் படமாகச் சேமியுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், இந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். போனில் சொன்னால் போதாது.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு உள்ள நண்பர் தன் பேரில் வாங்கி என்னிடம் தருவதாகச் சொல்கிறார். பிரச்சினை வருமா? (வட கரோலினா)

வரும். கடையில் நிரப்பும் 4473 படிவம், நிஜமாக வாங்குபவர் நீங்கள்தானா என்று நேராகவே கேட்கிறது. நண்பர் அதில் பொய் சொல்லி உங்களுக்காக வாங்கினால் அது கூட்டாட்சிக் குற்றம். 15 வருடம் வரை சிறை கிடைக்கலாம். உங்கள் வேலையும் விசாவும் கூடவே போகலாம். இதை ஒரு யோசனையாகக்கூட எழுதி அனுப்பியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளும் உண்டு. அந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்று முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள். நண்பரிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய மாடல் ரூகர், பக்கவாட்டில் மூன்று திருகு உள்ளது. ஆறு தோட்டாவும் போட்டுக் கொண்டுபோகலாமா? (மிசௌரி)

கூடாது. 1973-க்கு முந்தைய ரூகரில் சுத்திக்கு நேரே தோட்டா இருந்தால், கீழே விழும்போது வெடிக்கலாம். ஐந்து மட்டும் போட்டு, சுத்தியைக் காலி அறை மேல் இறக்கிவையுங்கள். ரூகர் இதற்குப் பாதுகாப்பு மாற்றத்தை இலவசமாகச் செய்து, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தருகிறது. ஏற்கெனவே யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது ரிவால்வர். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஈயச் சீவல் தெறிக்கிறது. ‘படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, திரும்ப வாங்க மாட்டோம்’ என்கிறது கடை. யாரிடம் புகார் செய்வது? (அரிசோனா)

முதலில் சுடுவதை நிறுத்துங்கள். சிலிண்டர் அறை குழலுக்கு நேராக நிற்காததன் அடையாளம் அது. கடையோடு மல்லுக்கட்டாமல் தயாரிப்பாளருக்கே எழுதுங்கள். பழுதுக்காக நீங்கள் நேரடியாக அனுப்பலாம், அவர்களும் உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். அனுப்பும் முறையை அவர்களிடமே கேளுங்கள்.

யாரிடம் புகார் என்பதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. ரொட்டி வாட்டும் இயந்திரம் பழுதானால் திரும்பப் பெறச் சொல்ல அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த ஆணையத்தை உருவாக்கிய 1972 சட்டம் துப்பாக்கியை வெளியே நிறுத்திவிட்டது. பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் அரசு தலையிடலாம், நிஜத் துப்பாக்கியில் முடியாது. தயாரிப்பாளர் தானாக முன்வந்து திரும்பப் பெற்றால்தான் உண்டு. காசு கொடுத்து வாங்கியவரின் கையும் கண்ணும் இதில் பணயம். இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: வேட்டையில் ஒரே ஒரு குண்டுதானே சுடுவேன். காதுக்கு மூடி அவசியமா? (மிச்சிகன்)

அவசியம். 140 டெசிபலைத் தாண்டினால் ஒரே சத்தம் காதைக் கெடுக்கப் போதும். மேக்னம் ரிவால்வர் அதை எளிதாகத் தாண்டும். மின்னணு காது மூடி வாங்குங்கள், மான் நடக்கும் சத்தமும் கேட்கும்.