பூநாரை மேயும் சேற்றுத் தரையில் கண்டல் நடலாமா?

யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கும் கேள்வியின் சாரம் இது: "எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் புலம்பெயர்ந்த உறவுகள் பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். வருகிற மாரியோடு, ஊருக்கு முன்னாலுள்ள பரவைக்கடலின் சேற்றுத் தரையில் ஐயாயிரம் கண்டல் கன்றுகளை நடத் தீர்மானித்திருக்கிறோம். மாரி முடிகிற காலத்தில் அங்கே பூநாரைகளும் வேறு குருவிகளும் வந்து மேயும். கோடையில் ஒன்றுமில்லாத வெளியாகக் கிடக்கும். என்ன கன்று வாங்குவது, எவ்வளவு இடைவெளியில் வைப்பது, அவை தப்பிப் பிழைக்க என்ன செய்வது?"

இடைவெளியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தச் சேற்றுத் தரையில் கண்டல் நட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. உங்கள் ஊரவரின் அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தப் பணத்துக்கும் உழைப்புக்கும் அதே கரையில் இதைவிடப் பயனுள்ள வேலை இருக்கிறது, அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கோடையில் வெடித்துக் கிடக்கும் அந்தத் தரையை மண்வெட்டியால் ஒருமுறை, அது ஈரமாக இருக்கும் காலத்தில், ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிப் பாருங்கள். புழுக்களும் சிறு சிப்பிகளும் நத்தைகளும் கண்ணுக்கு எட்டாத இறாலினங்களும் அதற்குள் வாழ்கின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டி உண்பதும், உள்ளான்களும் கருவால் மூக்கன்களும் நீண்ட அலகைச் சேற்றில் இறக்கித் தேடுவதும் இவற்றைத்தான். மரமோ புதரோ இல்லாத திறந்த வெளி என்பதும் இப்பறவைகளுக்கு இன்றியமையாதது. பைரி போன்ற வல்லூறுகள் வருவதைத் தொலைவிலேயே காணக்கூடிய இடத்தில்தான் அவை கூட்டமாக இறங்கி மேயும், இளைப்பாறும். இரண்டாள் உயரத்துக்குக் கண்டல் வளர்ந்துவிட்டால், அடியில் இரை இருந்தாலும் அவை அங்கே இறங்கா.

வந்து போகும் இக்குருவிகளை எண்ணிக்கையில் குறையாத சாதாரணப் பறவைகள் என்று நினைக்கவும் இனி இடமில்லை. சைபீரியாவின் பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு மத்திய ஆசிய வலசைப் பாதையால் நம் தீவுகளுக்கு வந்து சேரும் வளைந்த அலகுடைய சிறிய உள்ளானும், சாம்பல் உப்புக்கொத்தியும், 2024 ஆம் ஆண்டில் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பதியும் உலகச் செம்பட்டியலில் 'அழிவாய்ப்புள்ளவை' என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டன. கருவால் மூக்கன் அச்சுறுத்தலை அண்மித்த இனமாக முன்னரே பட்டியலில் இருக்கிறது. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010 இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டதில் இத்தகைய வலசைப் பறவைகளுக்குப் பெரும் பங்குண்டு. அங்கே அவை கூடுவதும் உங்கள் ஊரில் இருப்பது போன்ற திறந்த சேற்று வெளிகளிலும் ஆழமற்ற நீரிலுந்தான்.

வந்து போகாமல் இங்கேயே வாழும் ஒரு பறவையையும் குறிப்பிட வேண்டும். கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகையென்று நெடுங்காலம் கருதப்பட்டு, 2023 ஆம் ஆண்டில் தனி இனமெனப் பிரித்தறியப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்கிறது. உவர்த்தரையின் மேல் விளிம்பில், மண்ணில் சிறு குழியொன்றில், மண்ணின் நிறத்திலேயே முட்டையிடும் பறவை அது. நடுகை நாளில் ஐம்பது பேர் மண்வெட்டியோடு இறங்கினால், மிதிபட்டது என்னவென்று எவருக்கும் தெரியாமலே ஒரு பருவத்தின் முட்டைகள் போய்விடலாம். கட்டாக்காலி நாய்கள் செய்யும் கேடும் இதே வகையானது.

கண்டல் நடுகை பறவைகளை விரட்டும் என்பது வெறும் ஊகமா என்று நீங்கள் கேட்கக்கூடும். வெப்பவலயத் தீவொன்றில் இது நடந்தே இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் இயற்கையாகக் கண்டல் கிடையாது. 1902 இல் மொலொகாய் தீவின் கரையில், சரிவுகளிலிருந்து அரித்து வரும் மண்ணைத் தடுத்து நிறுத்துவதற்காக, அமெரிக்கச் செங்கண்டலைக் கொண்டுவந்து நட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அது தீவு தீவாகப் பரவிச் சேற்று வெளிகளை மூடியது. நம்மூர் நெடுங்கால் உள்ளானின் நெருங்கிய உறவும், அத்தீவுகளுக்கே உரியதுமான ஹவாய் நெடுங்காலி உணவெடுக்கவும் கூடு வைக்கவும் இருந்த இடங்களை இழந்தது. பின்னாளில் பெருஞ்செலவில் அந்தக் கண்டல்களைப் பிடுங்க வேண்டி வந்தது. நம் தீவகத்துக்குக் கண்டல் அந்நியமில்லை என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆனால் இயல்பாக வளராத தரையில் கண்டலைத் திணிப்பதன் விளைவு அந்தத் தரையை நம்பியிருக்கும் உயிருக்கு எங்கும் ஒன்றுதான்.

சேற்றைத் தாண்டிச் சிறிது ஆழமான பகுதியில் சாதாளை எனப்படும் கடற்புல் படர்ந்திருந்தால், அங்கேயும் கன்றூன்றக் கூடாது. பிலிப்பைன்ஸில் இடம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கடற்புல் படுகைகளில் கண்டலை நட்டு, கன்றும் பிழைக்காமல் புல்லும் மிதிபட்டுப் போன அனுபவம் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஒராவும் இறாலும் நீலக்கால் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது சாதாளையில்தான். பேராமையும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவும் உயிர் வாழ்வது அதை மேய்ந்துதான்; வளர்ந்த கடற்பசு ஒன்று நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் தின்னும். இதே கடலின் மறுகரையில் தமிழ்நாடு அரசு 2022 இல் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததற்குக் காரணமும் அங்குள்ள புல்வெளிகளே.

பறவைகளையும் புல்லையும் ஒதுக்கிவைத்து, கன்றுகளின் பிழைப்பை மட்டும் பார்த்தாலும் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நடுகை பெருவேகத்தில் நடந்தது. நாட்டின் 23 நடுகைத் தளங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று, நடப்பட்ட ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியதாகவும், ஒன்பது தளங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை என்றும் கண்டது. பொருந்தாத உயரத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும், கால்நடை மேய்ந்ததும், மண்ணில் உப்பேறியதும் அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை. குடாநாட்டில் கடைசிக் காரணம் மிகக் கடுமையானது. நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைதான். அதன்பின் பரவைக்கடல் வற்ற வற்ற, கரையோரச் சேற்றின் உப்பு கடல்நீரின் உப்பைத் தாண்டிவிடும். கண்டலினங்களில் ஒன்றான கண்ணா முதிர்ந்த மரமானால் அதைத் தாங்கும். சென்ற மாரியில் ஊன்றிய கன்று முதற் கோடையிலேயே கருகும்.

ஆகவே முதல் வேலை, அந்தக் கரையில் கண்டல் எப்போதாவது இருந்ததா என்று அறிவது. ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். கடற்றொழிலாளர்களே இதில் நல்ல சாட்சி, எந்த இடத்தில் கண்ணாப்பற்றை இருந்தது, எப்போது வெட்டப்பட்டது என்று அவர்கள் சொல்வார்கள். கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் வான்படங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருபோதும் கண்டல் இருந்திராத இடம் என்றால் அந்தத் தரையை அப்படியே விட்டுவிடுங்கள். முன்பு இருந்து இப்போது இல்லையென்றால், அது ஏன் மீண்டும் தானாக முளைக்கவில்லை என்ற கேள்விக்கு விடை காணாமல் ஒரு கன்றும் வாங்க வேண்டாம். கண்டல் விதை நீரில் மிதந்து வந்து தானே ஊன்றிக்கொள்ளும் இயல்புடையது. அருகில் தாய்மரம் இருந்தும் முளை இல்லையென்றால் ஏதோவொன்று தடுக்கிறது என்று பொருள்.

தீவகத்தில் அந்தத் தடை பெரும்பாலும் நீரோட்டத்தில் இருக்கும். பண்ணை வீதி, காரைநகர்த் தாம்போதி, புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதி என்று நம் தீவுகளை இணைக்கும் ஒவ்வொரு வீதியும் பரவைக்கடலைக் குறுக்கே மறிக்கிறது. மதகுகள் தூர்ந்தோ குப்பை அடைந்தோ இருந்தால், ஒரு பக்கத்தில் நீர் தேங்கி நிற்கும், மறுபக்கம் காய்ந்து உப்புப் பூக்கும். இரண்டிலும் கண்டல் வளராது. புளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் வெஸ்ட் லேக் பகுதியில் நிலத்தின் உயரத்தையும் ஓடைகளையும் திருத்தி நீரோட்டத்தை மீட்டபின், விதைகள் தாமாக வந்து முளைத்துக் காடாயின. அவருடைய கணக்கின்படி, மொத்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரில் மூழ்கியிருக்கும் தரை கண்டலுக்கு ஏற்றதன்று. இதை நீங்களே அளக்கலாம். அளவு குறித்த தடிகளைக் கரையிலிருந்து கடலை நோக்கி வரிசையாக ஊன்றி, நீர்மட்டத்தைக் குறித்துவாருங்கள். நம் பரவைக்கடலில் நாளாந்த வற்றும் பெருக்கும் சிறியவை. மழையும் வாடைக்காற்றும் சோளகமுமே நீர்மட்டத்தைக் கூடுதலாக மாற்றும். அதனால் ஒரு கிழமைக் கணக்கு போதாது, ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாக வேண்டும்.

உங்கள் பணத்தில் பெரும்பகுதியை இந்த வேலைகளுக்கே ஒதுக்கச் சொல்வேன்: பிரதேச செயலகத்தின் ஊடாக உரிய திணைக்களத்தை அணுகி மதகுகளைத் துப்புரவாக்குவது, கரையில் கொட்டப்படும் கட்டடக் கழிவை நிறுத்துவது, எஞ்சியிருக்கும் கண்ணாப்பற்றைகளை ஆடுமாடு நுழையாமல் அடைப்பது. கண்ணா இலை நல்ல தீவனம். கட்டாக்காலி மாடுகள் புகும் இடத்தில் இளங்கன்று ஒன்றும் மிஞ்சாது. அடைப்புக்குள் ஓரிரு மாரிகளில் தானாக முளைத்தெழும் கன்றுகள், கடையில் வாங்கிய கன்றுகளைவிட உறுதியானவை. தீவனத்துக்குக் கண்ணா வெட்டுகிறவர்களையும் இந்தத் திட்டத்துக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மாற்றுத் தீவனம் கிடைக்க வழி செய்யாமல் போடும் வேலி நிலைக்காது.

இத்தனைக்கும் பிறகு, முன்பு கண்டல் இருந்து, நீரோட்டமும் சீராகி, தாய்மரம் மட்டும் அருகில் இல்லாத இடம் எஞ்சுமானால், அங்கே நடலாம். முதலில் கண்ணா, நம் குடாநாட்டு உப்பைத் தாங்குவதில் அதுவே முன்னிற்பது. முட்டுவேர்விடும் கண்டலை ஓடைக்கரையில், நாளும் நீர் வந்து போகும் ஓரத்தில் மட்டும் வையுங்கள். தரையின் மேல் விளிம்பில் தில்லையும் திப்பரத்தையும் கலந்து வரலாம். தில்லையின் பால் கண்ணைப் பாதிக்கும் என்பதால் சிறுவர்களை அதனிடம் விட வேண்டாம். விதைகளை அயலிலுள்ள பரவைக்கடல் மரங்களிலிருந்தே, அவை முற்றி உதிரும் நேரத்தில் எடுங்கள். கண்ணா விதை சேமித்து வைக்கத் தாங்காது. தொலைவிலிருந்து வரும் கன்றோடு வேறிடத்து மண்ணும் களையும் பூச்சியும் வரும், பார்த்தீனியம் குடாநாட்டில் படுத்தும் பாட்டை நாம் அறிவோம். நீங்கள் கேட்ட இடைவெளி ஒரு மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் வரை போதும், ஆனால் நேர்வரிசை வேண்டாம், சிறு சிறு கூட்டமாக நடுங்கள். பிளாஸ்டிக் பைகளைச் சேற்றில் விடக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கடற்கரை மணலில் சவுக்கு நடும் யோசனையும் சிலரிடம் உண்டு. ஆமை முட்டையிடும் கரைகளில் அதுவும் கேடே.

சட்டத்தையும் கவனியுங்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே செய்யும் வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தோடும் வனத் திணைக்களத்தோடும் எழுத்தில் பேசிய பின்னரே தொடங்குங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல், விலங்கியல் துறைகளை அணுகினால் உப்பளவையும் இனங்களையும் அறிவதில் உதவி கேட்கலாம்.

பணம் அனுப்பியவர்கள் கன்று நடும் படத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்ற சங்கடம் உங்கள் கேள்வியில் வெளிப்படையாக இல்லாவிட்டாலும், இத்தகைய திட்டங்களில் எப்போதும் இருப்பது. நேராகவே எழுதிச் சொல்லுங்கள். ஊரை நேசித்துக் கொடுத்தவர்கள் காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள். ஒரே இடத்தில் நின்று மாரியிலும் கோடையிலும் எடுக்கும் படங்களையும், தை மாதத்தில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின்போது உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் எண்ணிய பறவைகளின் தொகையையும் ஆண்டுதோறும் அனுப்பிவைக்கலாம். தடிகளை இந்த மாரிக்கு முன்பே ஊன்றிவிடுங்கள். அடுத்த கோடை முடிய அந்த அளவுகளையும் முளைத்த கன்றுகளின் தொகையையும் எனக்கு எழுதினால், நடுவதா விடுவதா என்பதை இடம் இடமாகப் பார்த்துச் சொல்ல முடியும்.