பூட்ஸ், லாரி, தலைப்பாகை: படைக் கொள்முதல் பற்றிக் கேட்டவர்களுக்கு

மத்திய ஆயுதப் படை ஒன்றின் கொள்முதல் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் கோப்பு தள்ளிவிட்டு இப்போது காட்பாடியில் இருக்கிறேன். படைகள் பொருள் வாங்குவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னது என் தப்புதான். வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கமிருந்து கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. எனக்குப் பிடித்த இடத்தில் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம், கல்லூரி மாணவர்: ஒரு பொருள் தேவைப்படும்போது வாங்கினால் போதாதா சார்? பத்து வருடத் திட்டம் எதற்கு?

தம்பி, உங்கள் ஊர்ப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறதே, ஒரே வருடத்தில் நட்ட தோப்பு ஒரே காலத்தில்தான் கிழடு தட்டும். படையின் வண்டிகளும் அப்படித்தான். ஒரு பிரிவில் 300 லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் பணம் தாராளமாக வந்தது என்று 300ஐயும் ஒரே மூச்சில் வாங்கினால், 15 வருடம் கழித்து 300ம் ஒன்றாகக் கண்டெம் ஆகும், அதாவது கழித்துக்கட்டப்படும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. கவச வண்டி மாதிரி, பாதுகாப்புப் பணிக்கென்றே உள்ள சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. சாதாரண வண்டிக்கு இல்லை. அப்போது 300 லாரிக்கு ஒரே வருடத்தில் யார் பணம் கொடுப்பார்கள்? வருடத்துக்கு 20 என்று வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வராது.

ஆக, திட்டம் என்பது பெரிய வித்தை இல்லை. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை எவ்வளவு, கையில் இருப்பது எவ்வளவு, இருப்பதில் எது எந்த வருடம் சாகும். முதல் இரண்டு கட்டத்தையும் எல்லோரும் நிரப்பிவிடுவார்கள். மூன்றாவது கட்டம் காலியாகவே இருக்கும். நான் பார்த்த குழப்பங்களில் பாதி அந்தக் காலிக் கட்டத்தில் பிறந்தவை.

லாரியாவது நின்றுபோனால் கண்ணுக்குத் தெரியும். கண்ணீர்ப்புகைக் குண்டு காலாவதியானால் எறியும்போதுதான் தெரியும். அதை மலிவாகக் கிடைக்கிறது என்று பத்து வருடத்துக்குச் சேர்த்து வாங்கி அடுக்கக்கூடாது. ஒரே ஸ்டோரில் இரண்டு விதமான கணக்கு ஓட வேண்டும்.

அப்புறம், நேரம். புதுவகைப் பொருள் என்றால் முதலில் அதன் தரத் தேவையை எழுதி உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு மதிப்பீடு, நிதி ஒப்புதல், டெண்டர், மாதிரிச் சோதனை, ஆர்டர், அனுப்புமுன் ஆய்வு. என் அனுபவத்தில் இரண்டு வருடத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை. 2030ல் வேண்டியதை 2028ல் எழுத ஆரம்பித்தாலே இறுக்கம்தான்.

பணம் பல வருடத் திட்டமாக அறிவிக்கப்படும். மத்தியப் படைகளின் நான்காவது நவீனமயமாக்கல் திட்டம் 2022 பிப்ரவரி 1 முதல் 2026 மார்ச் 31 வரை, 1,523 கோடி ரூபாய். ஆனால் கைக்கு வருவது வருட பட்ஜெட்டாகத்தான். செலவாகாத பணம் மார்ச் 31 இரவோடு போய்விடும். நான்கு வருடத் திட்டத்தை ஒரு வருடப் பணப்பையில் வைத்து நடத்துவதுதான் இந்த வேலையின் தலைவலி.

ஆம்பூர், ஷூ தொழிற்சாலை வைத்திருப்பவர்: மத்தியப் படைகளில் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி என்றாலும் எவ்வளவு பூட்ஸ்! ஆனால் அந்த அளவுக்கு டெண்டர் கண்ணில் படவில்லையே?

இதைக் கேட்காமல் எந்திரம் வாங்கியவர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலை முதல், உடைப்படி ரொக்கமாக ஜவான் கையிலேயே போகிறது. அப்போது அவருக்கு வருடத்துக்கு 10,000 ரூபாய், பிறகு கூடியிருக்கிறது. அன்றாடச் சீருடை, கருப்பு பூட்ஸ் எல்லாம் அவரே வாங்கிக்கொள்வார். ஆகவே உங்கள் வாடிக்கையாளர் டெல்லித் தலைமையகம் இல்லை, முகாம் வாசலில் கடை பார்க்கும் ஜவான். படை மொத்தமாக வாங்குவது பனிமலைக்கும் காட்டுக்குமான சிறப்பு பூட்ஸ் போன்றவற்றைத்தான். எண்ணிக்கை குறைவு, சோதனை கடுமை.

அதற்கு வரவேண்டும் என்றால் வாருங்கள். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு இருந்தால் சலுகை உண்டு. மத்திய அரசுக் கொள்முதலில் 25 சதவீதம் உங்களைப் போன்றவர்களிடமிருந்து வரவேண்டும் என்பது விதி. குறைந்த விலை சொன்னவர் பெரிய நிறுவனமாக இருந்து, உங்கள் விலை அவரைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், அவர் விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கு ஆர்டர் பெறலாம். நடுத்தர நிறுவனமாக வளர்ந்துவிட்டால் மூன்று வருடம் வரை தொடரும், பிறகு கிடையாது. வாங்கி விற்பவருக்கும் கிடையாது, தயாரிப்பவருக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: சோதனையில் தேறி அரக்கு முத்திரையிட்ட மாதிரியை மதியுங்கள். நான் இளம் அதிகாரியாக இருந்தபோது ஒரு நிறுவனம் அருமையான மாதிரி பூட்ஸ் கொடுத்தது. சரக்கு வந்தது, பங்கிட்டோம். முதல் மழைக்காலத்திலேயே அடி கழன்று வாய் பிளந்தது. மாதிரியை எடுத்து ஒப்பிடலாம் என்று ஸ்டோருக்குப் போனால் அரக்கு உடைந்திருக்கிறது, ஒரு கால் பூட்ஸ்தான் இருக்கிறது. சண்டை போட எங்களிடம் ஆதாரமே இல்லை. அந்த அரக்கைச் சரிபார்த்திருக்க வேண்டியவன் நான். வாங்குபவர், விற்பவர் இருவரும் மாதிரியைப் பூட்டி வையுங்கள். இரண்டு காலையும்.

வாணியம்பாடி: ஆர்டர் கிடைக்க டெல்லியில் யாரைப் பார்க்க வேண்டும்?

யாரையும் வேண்டாம். அரசின் இணையக் கொள்முதல் சந்தையான ஜெம் தளத்தைப் பாருங்கள்.

ராணிப்பேட்டை: ஒருவர் கமிஷன் கொடுத்தால் படை ஆர்டர் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

ஐயா, மேலே உள்ள பதிலைப் படியுங்கள். கமிஷன் கேட்பவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், மாதிரியும் கொடுக்காதீர்கள்.

வாலாஜாபேட்டை, பழைய சப்ளையர்: முன்பெல்லாம் மத்தியக் கொள்முதல் துறையான டிஜிஎஸ் அண்ட் டி விலை பேசிவைத்த ரேட் காண்ட்ராக்ட் இருந்தால் போதும், எல்லா ஆபீசும் வாங்கும். இப்போது?

அந்தத் துறையே 2017 அக்டோபர் 31ல் மூடப்பட்டது. 2016ல் வந்த ஜெம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. பேரனை உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள்.

அரக்கோணம்: தக்கோலத்தில் சிஐஎஸ்எஃப் (மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை) பயிற்சி மையம் இருக்கிறதே, பொருள் வாங்குவதெல்லாம் அங்கேயே முடிவாகுமா?

சில்லறைத் தேவைகள் அங்கே. பெரியவை தலைமையகத்தில். சிஐஎஸ்எஃப் விஷயத்தில் இன்னொன்று உண்டு. அந்தப் படைக்கான செலவை அது காவல் காக்கும் நிறுவனமே கொடுக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியைப் பார்க்கும் எக்ஸ்ரே எந்திரத்தைப் படை வாங்கித் தருவதில்லை, நிலையத்தை நடத்துபவர் தரவேண்டும். இயக்குபவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். எந்திரம் எப்போது மாறும் என்று திட்டம் போடுவது இங்கே இரட்டிப்புச் சிக்கல். தக்கோலம் மையத்துக்கு 2025ல் ராஜாதித்த சோழன் பெயர் வைத்தார்கள், அது மட்டும் உள்ளூர்க்காரனாக எனக்கு மகிழ்ச்சி.

காட்பாடி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: மார்ச் மாதம் ஏன் எல்லா அலுவலகமும் வெறிபிடித்த மாதிரி வாங்குகிறது?

பிப்ரவரி வரை தூங்கியதால். கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேல், மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்று நிதி அமைச்சகம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இருந்தும் மார்ச்சில் நாற்காலி வாங்குவார்கள். உட்கார ஆள் இருக்கிறதா என்பது ஏப்ரலில் தெரியும்.

சத்துவாச்சாரி: குறைந்த விலைக்காரருக்குத்தான் ஆர்டர் என்ற விதிதான் எல்லாக் கேடுகளுக்கும் காரணம். மலிவுச் சரக்கை ஜவான் தலையில் கட்டுகிறீர்கள். ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி. குறைந்த விலை என்பது சோதனையில் தேறியவர்களுக்குள் குறைந்த விலை. தேறக்கூடாதது தேறுகிறது என்றால் தரத் தேவையை எழுதியவர் சரியாக எழுதவில்லை. அதைவிடப் பெரிய குற்றம், போட்டுப் பார்ப்பவனைக் கேட்காமல் மேசையிலேயே முடிவெடுப்பது. இதற்கு உலகத்துக்கே உதாரணம் நம் வேலூர்க் கோட்டையில் இருக்கிறது. 1805 நவம்பரில் சென்னை ராணுவத்துக்குப் புதுத் தலைப்பாகை என்று உத்தரவு. அதில் தோலால் ஆன சின்னம். யார் தலையில் ஏறப்போகிறதோ அவனை யாரும் கேட்கவில்லை. 1806 ஜூலை 10ல் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

வேலூர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்: வேலூர்ப் புரட்சியை ஒரு தொப்பிக் கொள்முதல் தகராறாகச் சுருக்கிவிட்டீர்களே! திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் இருந்தார்கள், திப்புவின் கொடி ஏறியது. தலைப்பாகை ஒரு சாக்குதான்.

ஐயா, வணக்கம். சுருக்கவில்லை. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்ற உத்தரவுகளும் சேர்ந்துதான் மூண்டது. ஆனால் சாக்கு என்ற சொல்லை ஏற்கமாட்டேன். அந்த மே மாதமே வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தார்கள். விசாரணை நடந்தது, இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி. 900 அடி வாங்கியவன் முதுகில் இருப்பது சாக்கா? கொள்முதல்காரன் கண்ணில் எனக்குத் தெரிவது இதுதான்: மே மாதத்தில் புகார் வந்துவிட்டது. புகாரைப் படித்துப் பொருளைத் திரும்ப எடுத்திருக்கலாம். புகார் சொன்னவனை அடித்தார்கள். ஜூலையில் வெடித்தது. அதற்குப் பிறகுதான் உத்தரவு வாபஸ்.

அதே ஆசிரியர்: இளவரசர்கள் இல்லாத ஊரில் அதே தலைப்பாகை போயிருந்தால் இந்த அளவுக்கு வெடித்திருக்குமா? அதைச் சொல்லுங்கள்.

நல்ல அடி. இந்த அளவுக்கு வெடித்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். வெடிமருந்து அங்கே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். தீக்குச்சியை டெண்டர் இல்லாமல் அனுப்பிவைத்தவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

ஆற்காடு: கில்லஸ்பி எங்கள் ஊரிலிருந்து குதிரைப்படையோடு போய்த்தானே கோட்டையைத் திரும்பப் பிடித்தார்? அதை ஏன் சொல்லவில்லை?

நீங்களே சொல்லிவிட்டீர்கள். கேள்வி கொள்முதல் பற்றி.

விருதம்பட்டு: தலைப்பாகை உத்தரவு போட்ட தளபதி கிரடாக்குக்குத் தண்டனை கிடைத்ததா?

அவரையும் கவர்னர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தவறான கொள்முதலுக்கு ஒரு கவர்னரே வேலை இழந்ததை நான் பணியில் இருந்தபோது பல கூட்டத்தில் சொல்லிக் காட்டியிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. தலைப்பாகை இத்தோடு போதும். மீதியை மக்கான் நினைவுத்தூண் பக்கம் டீக்கடையில் பேசுவோம்.

சோளிங்கர்: சார், கான்ஸ்டபிள் வேலைக்கு எப்போது ஆள் எடுப்பார்கள்?

அது என் துறை இல்லை தம்பி. எஸ்எஸ்சி தேர்வாணையத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும்.

பேரணாம்பட்டு: தரத் தேவையை எழுதும்போது நல்ல பிராண்டின் விவரத்தை அப்படியே எழுதிவிட்டால் தரம் வந்துவிடுமே?

தரம் வரும், புகாரும் வரும், டெண்டர் ரத்தாகும், இரண்டு வருடம் போகும். பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும், யார் செய்தது என்று எழுதக்கூடாது.

பள்ளிகொண்டா: கான்ஸ்டபிள் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

சோளிங்கர் தம்பிக்குச் சொன்னதேதான்.

திருப்பத்தூர், மகள் படையில் இருக்கும் தாய்: ஐயா, என் மகளுக்குக் கொடுத்த குண்டு துளைக்காத ஜாக்கெட் தோளில் நிற்கவே இல்லை என்கிறாள். ஆண்கள் அளவில் இருக்கிறதாம். இதையெல்லாம் யோசிக்கமாட்டார்களா?

அம்மா, இன்று வந்ததில் சரியான கேள்வி உங்களுடையதுதான். அளவு விகிதம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் பேரில் சின்ன அளவு எத்தனை, நடுத்தரம் எத்தனை, பெரியது எத்தனை என்று பிரித்து ஆர்டர் போடுவது. இது பழைய பதிவேட்டிலிருந்து அப்படியே நகல் எடுக்கப்படும். படையில் சேருபவர்கள் மாறுவார்கள், விகிதம் மாறாது. அதனால்தான் எந்த ஸ்டோரைத் திறந்தாலும் 6ம் நம்பர் பூட்ஸும் 11ம் நம்பர் பூட்ஸும் கூரைவரை அடுக்கியிருக்கும், 8ம் நம்பர் கேட்டால் இருக்காது. சிஆர்பிஎஃப் 1986லேயே முழுக்கப் பெண்களைக் கொண்ட பட்டாலியன் அமைத்துவிட்டது. ஆனால் அளவுப் பட்டியல் ஆள்சேர்ப்புக்குப் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டுதான் வரும்.

குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 2018ல் வந்தது, ஐஎஸ் 17051. அது எந்தக் குண்டைத் தடுக்கிறது என்று சோதிக்கலாம். உங்கள் மகள் தோளில் நிற்கிறதா என்பதை அவள்தான் சொல்ல முடியும். வாய்ச்சொல்லாகச் சொல்லாமல், குறை அறிக்கையாக எழுதி, அளவு, தயாரிப்புத் தொகுதி எண், வழங்கிய தேதி மூன்றையும் போட்டு கம்பெனி கமாண்டர் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை அளவு விகிதம் போடும் குமாஸ்தாவின் மேசையில் அந்தக் காகிதம் இருந்தால்தான் எண் மாறும். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆரணி: சார், கான்ஸ்டபிள் தேர்வுக்கு...

எஸ்எஸ்சி.