கரிசல்காட்டுக்காரரின் கிட்டார்

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் மகன் எங்களை ஆறு மாசத்துக்கு அழைத்திருக்கிறான். அங்கே வில்லி நெல்சன் என்ற கன்ட்ரி (அமெரிக்கக் கிராமத்துப் பாணிப் பாட்டு) பாடகரின் கச்சேரிக்கு எனக்கும் டிக்கெட் எடுத்துவிட்டானாம். பாடகருக்கு வயது தொண்ணூறுக்கு மேல். எனக்கோ இங்கிலீஷ் பாட்டு ஒரு வரி பிடிபடாது. வீண் செலவு, வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?
– ஒரு விவசாயி, சங்கரன்கோவில் பக்கம்

பதில்: சொல்லாதீங்க அண்ணாச்சி. அவசியம் போங்க.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது 2018இல் அவர் கச்சேரியைக் கேட்டேன். திறந்தவெளி, புல்தரை, தலையில் தொப்பியோடு தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளும். அவர் 1933இல் டெக்சாஸில் அபட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். சின்ன வயதில் பருத்தி எடுத்திருக்கிறார். அந்த வட்டாரமும் கரிசல்தான். வெயிலில் வெடிக்கும், மழையில் காலோடு அப்பிக்கொண்டு வரும். அந்த மண்ணைப் பற்றி உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாட ஆரம்பித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. ஒரு சொல்லைத் தாளத்துக்கு முந்தி வைக்கிறார், அடுத்ததைப் பிந்திப் போடுகிறார். வயசாகித் தாளம் தப்புதோ என்று நினைத்தேன். ரெண்டாவது பாட்டில்தான் புரிந்தது. கோயில் கொடைத் திருவிழாவில் நடுச்சாமத்துக்கு மேலே வில்லுப்பாட்டுப் புலவர் கதையைப் பேச்சும் பாட்டுமாக இழுத்துக்கொண்டே போவார். குடம் அடிக்கிறவர் விடாமல் பிடித்திருப்பார். புலவர் எங்கெங்கோ சுற்றி, வரி முடிகிற இடத்தில் சரியாக வந்து இறங்குவார் இல்லையா? அதே வித்தைதான். இளம் வயதிலிருந்தே நெல்சன் அப்படித்தான் பாடுகிறார். அதன்பிறகு சொல் புரியாதது எனக்குக் குறையாகவே தெரியவில்லை.

கிட்டாரைக் கவனியுங்கள். பெயர் டிரிக்கர். 1969இல் வாங்கிய மார்ட்டின் கிட்டார், நைலான் நரம்பு. மீட்டி மீட்டியே பலகை தேய்ந்து, நடுத்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழுந்திருக்கிறது. வீடு தீப்பற்றியபோது உள்ளே ஓடி இதைத் தூக்கி வந்தவர் அவர். சத்தம் கொஞ்சம் கட்டைதான். எனக்கு அதுவே பிடித்தது. அன்று பியானோ வாசித்தவர் அவருடைய அக்கா பாபி. 2022இல் காலமாகிவிட்டார். தம்பி பாடும்போது அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்ததாகவே நினைவில்லை. கை மட்டும் தானாகப் போய்க்கொண்டிருந்தது. மவுத் ஆர்கன் வாசிக்கும் மிக்கி ரபேல் 1973இலிருந்து கூட இருப்பவர்.

உங்களுக்கென்று ஒரு சங்கதி. கடனில் நிலத்தைப் பறிகொடுத்த விவசாயிகளுக்காக நீல் யங், ஜான் மெல்லன்கேம்ப் என்ற பாடகர்கள் இருவரோடு சேர்ந்து 1985இல் ‘பார்ம் எய்ட்’ என்ற பெரிய கச்சேரியை நடத்தினார். அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. ஒரு நிறுவனமாகவே தொடர்கிறது. விளைச்சலுக்கு விலை இல்லாமல் தவித்த நமக்கு இப்படியொரு பாட்டுக்காரர் வாய்த்திருக்கக் கூடாதா என்று அன்று ராத்திரி படுக்கையில் ஏங்கினேன்.

ஸ்பீக்கருக்கு நேரே உட்காராதீர்கள், காதுக்குப் பஞ்சு இருக்கட்டும். பல இடங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையைத்தான் விடுவார்கள், மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் பைனாகுலர் ஒன்று எடுத்துப் போங்கள். அந்த ஓட்டை இப்போது எவ்வளவு பெரிசாகியிருக்கிறது என்று பார்த்து எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.