எட்டாவது அட்டவணையில் சேர்த்தால் ஒரு மொழிக்கு என்ன கிடைக்கும்?

அரசியலமைப்பில் மொழிகளைப் பட்டியலிடும் எட்டாவது அட்டவணையில் துளுவையும் ராஜஸ்தானியையும் சேர்க்கச் சொல்லி இவ்வளவு காலம் ஏன் போராடுகிறார்கள், சேர்த்தால் அப்படி என்ன கிடைத்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டப்படி பார்த்தால், கிடைப்பது கொஞ்சம்தான். 1950இல் 14 மொழிகளோடு தொடங்கிய அந்தப் பட்டியல், 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தத்தில் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி சேர்ந்தபோது 22 ஆனது. ஆனால் அரசியலமைப்பில் இந்த அட்டவணையைக் குறிப்பிடும் பிரிவுகள் இரண்டே இரண்டு: அலுவல் மொழி ஆணையத்தில் இம்மொழிகளின் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்கிற 344, இந்தியை வளர்க்க இவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற 351. (இரண்டாவது யாருக்கு லாபம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

மாநில ஆட்சிமொழியாக இந்தப் பட்டியலே தேவையில்லை. 345ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டமன்றம் முடிவெடுத்தால் போதும், மிசோரமில் மிசோ அப்படித்தான், அட்டவணையில் இல்லாமலே ஆட்சிமொழி.

அப்புறம் எதற்குப் போராட்டம் என்றால், நடைமுறைப் பலன்கள் இருக்கின்றன. குடிமைப் பணி முதன்மைத் தேர்வை அட்டவணை மொழிகளில் எழுதலாம், நாடாளுமன்றத்தில் அவற்றில் பேசினால் மொழிபெயர்க்க ஏற்பாடு உண்டு, மத்திய அரசின் மொழித் திட்டங்களிலும் முதலில் இவைதான் வரும். கௌரவமும் ஒரு காரணம், அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

உண்மையான பாதுகாப்பு என்று கேட்டால் நான் அரசியலமைப்பின் 29(1) பிரிவைத்தான் சொல்வேன். தங்கள் மொழியையும் எழுத்தையும் காத்துக்கொள்வது அடிப்படை உரிமை, பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதில் கிடையாது. சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்கிற 350அ பிரிவும் அப்படித்தான், ஆனால் அது மாநிலங்களை ‘முயல வேண்டும்’ என்று மட்டுமே சொல்கிறது.